நாற்பத்தொன்றாம் படியின் சன்னல்

ஊகெத் பார்து வெர்நெல் மாளிகையைச் சுற்றிக்காட்டும் வேலைக்கு வந்தபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. அதற்கு முன் இருபது வருடம் ஆட்டுப் பண்ணையில் பாலாடைக்கட்டி செய்தவர். பிரபுக்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. மாளிகையைப் பற்றி எழுதிக் கொடுத்த பன்னிரண்டு பக்கத்தை, பண்ணையின் கடைசி மாதத்தில் பால் கறந்துகொண்டே மனப்பாடம் செய்தார். இன்னும் சில வாக்கியங்களின் நடுவே மூச்சு வாங்குமிடம் கறக்கும் தாளத்தில்தான் விழும்.

வாசலில் சீட்டு கொடுப்பது நான். வெளிநாட்டுக்காரர்களுக்காக ஆங்கிலத்தில் ஒரு தாள் எழுதி வைப்பதும் என் வேலை.

ஏழு அறைகள் முடிந்ததும் கோபுரம். தொண்ணூற்று நான்கு படிகள், சுழல் படிக்கட்டு. மேலே போனால் ஆறும் ஊரின் கூரைகளும் தெரியும். ஐந்து வருடமாக ஊகெத்துக்கு வலது முழங்கால் சரியில்லை. நாற்பத்தொன்றாம் படியில் ஒரு குறுகிய சன்னல் உண்டு. வெளியே பார்ப்பதுபோல் அங்கே நின்று மூச்சு வாங்குவார். ஒருநாள் யாரோ, "இங்க என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டார்கள். கோபுரம் கட்டிய கொத்தனார், ஆற்றில் துணி துவைக்கும் மனைவியைப் பார்ப்பதற்கென்றே வைத்த சன்னல் என்று ஊகெத் சொல்லிவிட்டார். அடுத்த வருடம் வலி கூடியது. கதையில் கொத்தனாருக்கு மனைவிமேல் சந்தேகம் வந்தது. அதற்கடுத்த வருடம் ஒரு நாய் சேர்ந்தது. இப்போது கதை பதினோரு நிமிடம்.

நான் அதைத் தாளில் எழுதவில்லை. "சன்னல்" என்று மட்டும் எழுதியிருந்தேன்.

இந்த வசந்தத்தில் மாளிகை, பழைய உரிமையாளரின் மருமகள் மதாம் லெமுவானின் கைக்கு வந்தது. கோபுரம் ஏற முடியாதவர்கள் சுற்றிக்காட்ட வேண்டாம் என்று முதல் நாளே சொன்னார். ஊகெத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் ஊகெத் அன்றிலிருந்து முழங்காலுக்குக் கட்டு போட்டு, அதை மறைக்க நீளப் பாவாடை அணிந்து வந்தார்.

செப்டம்பரில், எல்லா மாளிகைகளும் ஊருக்குத் திறந்திருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை, மதாமும் கூட்டத்தோடு வந்தார். கையில் என் தாள். அன்று கூட்டம் அதிகம் என்று நானும் பின்னால் ஏறினேன். நாற்பத்தொன்றாம் படியில் ஊகெத் நின்றார். கதையில் கொத்தனார் வந்தார், மனைவி வந்தாள்.

மதாம் தாளைப் புரட்டினார். "ஊகெத், இந்தக் கதை இதுல இல்லையே. மாமனார் விட்டுட்டுப் போன காகிதத்துலயும் நான் பாக்கல. எங்கேர்ந்து வந்துச்சு?"

"அத விடுங்க மதாம்!" என்றார் பக்கத்து ஊர் ரொட்டிக்கடைக்காரர். வருடா வருடம் வருகிறவர். "நாய் வரட்டும் மொதல்ல."

ஊகெத் என்னைப் பார்த்தார். நான் படியைப் பார்த்தேன்.

"என் முழங்கால்லேர்ந்து வந்துச்சு மதாம்," என்றார் ஊகெத். "இங்க நின்னாத்தான் மேல ஏற முடியும். சும்மா நிக்க வெக்கமா இருந்துச்சு."

ரொட்டிக்கடைக்காரர் மட்டும் சிரித்தார். ஊகெத் திரும்பி மிச்சம் ஐம்பத்து மூன்று படிகளையும் நிற்காமல் ஏறினார். மேலே போனதும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் காட்டினார்.

மதியம் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்காகக் கதவைச் சாத்தினோம். ஊகெத் ரொட்டியைத் தொடவில்லை. "நாளைக்கு வரச் சொல்லமாட்டாங்க, குட்டி," என்றார் என்னிடம். மதாம் வாசல் மேசையில் உட்கார்ந்து, வந்தவர்கள் கருத்தெழுதும் ஏட்டைப் படித்துக்கொண்டிருந்தார். முழுசாக ஒரு மணி நேரம் படித்தார். ஏழு அறைகளைப் பற்றி அதில் அதிகம் இல்லை, சன்னல் கதையைப் பற்றித்தான் நிறைய என்பது எனக்குத் தெரியும்.

ஒரு மணி தாண்டியதும் எழுந்து வந்தார்.

"இனிமே மேல போறவங்க அவங்களா போகட்டும். நீங்க சன்னல் வரைக்கும் வந்தா போதும். ஆனா ஒண்ணு, கட்டுக்கதைன்னு மொதல்லயே சொல்லிடணும்."

"சொல்லிடறேன் மதாம். நாய் மட்டும் நெஜம்."

"எந்த நாய்?"

"எங்க பண்ணைல இருந்துச்சு."

மதாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனார். ஊகெத் ரொட்டியைப் பிரித்தார். நான் தாளை எடுத்து, "சன்னல்" என்பதற்குக் கீழே, கட்டுக்கதை என்று தொடங்கி நாலு வரி சேர்த்தேன். நாயின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.