சுவரில் விழுந்த ஏலக்காய்

டீக்கடைச் சுவரில் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. புகையடித்துக் கறுத்த சுவர். நான் இரண்டாவது வாய் டீயில் இருந்தேன். வயசாகிவிட்டது, ஏதேதோ தெரியத்தான் செய்யும் என்று முதலில் சும்மா இருந்துவிட்டேன்.

ஏலக்காய் பறிக்கும் பெண்களைத் தினமும் காலையில் போடியிலிருந்து மலைக்கு ஏற்றிப்போகும் ஜீப் டிரைவரின் வேலை அது. கழுத்துச் செயினில் தொங்கிய டாலரை விரலில் பிடித்து, பின்னாலிருந்து செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டிருந்தார். டாலரின் நடுவில் மிளகைவிடச் சின்னதாக ஒரு கண்ணாடிக் கல். அதற்குள் அவர் மனைவியின் போட்டோ இருந்தது. வெளிச்சம் பட்டதும் அந்த அம்மாள் வெளியே வந்து, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சுவரில் நின்று சிரித்தார்.

"குவைத்துக்குப் போயி ரெண்டு வருசமாச்சுண்ணே. இப்ப பதினேழு வளைவும் எங்கூடத்தான் ஏறி இறங்குறா."

"வளைவுல ரோட்டைப் பாருப்பா. அவளைப் பாத்துக்கிட்டு எங்களைப் பள்ளத்துல எறக்கிறாத," என்றார் ஜீப்பில் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா.

"பக்கத்துல இருந்தப்ப மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டாரு. இப்ப டார்ச் அடிச்சுத் தேடுறாரு," என்றார் இன்னொருவர். ஜீப் மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போதுதான் அந்தப் பேச்சு எனக்கும் சேர்த்துத்தான் என்று உறைத்தது.

என் மனைவியும் ஊரில் இல்லை. மகளின் பிரசவத்துக்காகப் புனேக்குப் போனவள். தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீட்டுக்கு வருவது வழக்கம். மகளுடைய வேலையும் டாக்டரும் அங்கே இருந்ததால் எங்கள் விஷயத்தில் தாய்வீடே கிளம்பி ரயிலேறிப் போய்விட்டது. மூன்று மாதம் என்றுதான் பேச்சு. பிறகு பையனுக்குக் கழுத்து நிற்கட்டும் என்றார்கள், நின்றது. தவழட்டும் என்றார்கள், தவழ்ந்தான். மகள் வேலைக்குத் திரும்பினாள், பையனைப் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். இப்போது பேரன் நடக்கிறான். பதினாலு மாதத்தில் அவ்வளவு முன்னேற்றம். நான் அதே நாற்காலியில் இருக்கிறேன், கழுத்து மட்டும் நிற்கிறது.

"வந்துவிடு" என்று சொல்லியிருக்கலாம். இருபத்தெட்டு வருடத்தில் அவளிடம் காபி கேட்டிருக்கிறேன், கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று கேட்டிருக்கிறேன், கதவைப் பூட்டினாயா என்று பாதி வழியில் பஸ்சை நிறுத்திக் கேட்டிருக்கிறேன். அவளையே கேட்டுப் பழக்கமில்லை. பிரிவைப் பற்றி இரண்டு அலமாரிப் புத்தகங்கள் படித்தவன்தான். சாயங்காலம் போன் வந்தால் "சாப்டீங்களா", "சாப்ட்டேன்", "மாத்திரை?", "போட்டாச்சு" என்பதற்கு மேல் ஒரு சொல் எழும்பாது. இரண்டு அலமாரியும் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அதனால் ஜீப் டிரைவரிடம், அவருக்கு டாலர் செய்துகொடுத்த மதுரைக் கடையின் நம்பரை வாங்கினேன். கல்யாண நாள் வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. நாங்கள் இருவரும் இருக்கும் ஒரு போட்டோவைக் கல்லுக்குள் போட்டு அனுப்புவது. அதைச் சுவரில் பார்த்துவிட்டு அவளாகவே கிளம்பி வருவது. என் திட்டம் இவ்வளவுதான். நான் வாய் திறக்க வேண்டியதில்லை என்பது அதன் தனிச் சிறப்பு.

கடையில் பேசிய பெண் முதல் நாள் என்னை "சார்" என்றாள். இரண்டாம் நாள் "அண்ணே" ஆனேன். டிசைன் முடிவாகும்போது "அப்பா" ஆகிவிட்டேன். அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்.

"இதயம் இருக்கு, பிறை நிலா இருக்கு, மரம் இருக்கு, நாய்க்குட்டிப் பாதம் இருக்கு. எதுண்ணே?"

"பாதம் எதுக்கும்மா?"

"நாய் வளக்குறவங்க வாங்குவாங்க. போட்டோவும் நாயோடதுதான் அனுப்புவாங்க. சில பேரு பைக்கு அனுப்புவாங்க. நாங்க எதுவும் கேக்குறதில்ல. வந்ததைப் போட்டுருவோம்."

இதயம் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் அந்த உறுப்பைப் பற்றிப் பேசினால் ஈ.சி.ஜி. எடுத்தீர்களா என்றுதான் கேட்பார்கள். பிறை நன்றாகத்தான் இருந்தது. அதன் முனை அவள் புடவையில் கொக்கிபோல மாட்டும் என்று தோன்றியது. மரத்தில் கிளை அதிகம், அழுக்கு சேரும், அவள் பழைய பல் பிரஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கடைசியில் வெறும் வட்டம் என்றேன். மூன்று நாள் யோசித்து வட்டத்துக்கு வந்து சேர்ந்த என்னை அந்தப் பெண் பாராட்டினாள்.

"போட்டோல முகம் நடுவுல இருக்கணும்ப்பா. வெளிச்சம் நல்லா இருக்கணும். பின்னாடி யாராச்சும் நின்னா பரவாயில்ல, நாங்க எடுத்துருவோம்."

முகம் நடுவில். போனைத் திறந்து தேட ஆரம்பித்தபோதுதான் என் நிலைமை எனக்கே தெரிந்தது. அதில் என் மனைவி இல்லை. ஏலக்காய் இருந்தது. தள்ளத் தள்ள ஏலக்காய்.

நான் ஏலக்காய் வியாபாரி. மலையில் உலர்த்தி இறங்கும் காயை வாங்கி, சலித்துத் தரம் பிரித்து, வடக்கே அனுப்புகிறேன். எங்கள் தொழிலில் காயை உள்ளங்கையில் கொட்டித்தான் பார்ப்பது. அதன் பச்சை அங்கேதான் உள்ளபடி தெரியும். இப்போது வடக்கேயிருந்து யாரும் வருவதில்லை, வாட்ஸப்பில் படம் கேட்கிறார்கள். எனக்குப் போனைப் பிடிக்கவே இரண்டு கையும் வேண்டும்; அப்போதும் ஆடும். அதனால் கை அவளுடையது. நேர் வெயில் விழாத வாசல் ஓரத்தில் நின்று, அடுப்பைத் தணித்துவிட்டு வந்த அவசரத்தில் கையை நீட்டுவாள். நான் எடுப்பேன். இப்படிப் பல வருடம்.

ஒருமுறை போனைக் கொஞ்சம் உயர்த்தி அவள் முகத்துக்குக் கொண்டுபோனேன்.

"என்னை எதுக்கு எடுக்குறீங்க. சோலியைப் பாருங்க. காயை எடுங்க."

காயை எடுத்தேன். சொன்னதைக் கேட்கும் கணவன் என்று எனக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது.

இருவரும் இருக்கும் படம் போனில் ஒன்றே ஒன்று கிடைத்தது. குரங்கணி ஆற்றில் யாரோ எடுத்தது. அதில் நான் பாறையில் உட்கார்ந்து தூரத்து மலையைச் சிந்தனையோடு பார்க்கிறேன். அவள், தண்ணீர் இழுத்துக்கொண்டு போன என் செருப்பைத் துரத்துகிறாள். முதுகு மட்டும் தெரிகிறது. இதைச் சுவரில் அடித்துக் காட்டினால் வருகிறவளும் வர மாட்டாள்.

கல்யாண ஆல்பத்தை இறக்கினேன். ஸ்டுடியோக்காரர் அந்தக் காலத்திலேயே எங்களை ஒரு ரோஜாப் பூவுக்குள் போட்டு, அதை ஓர் இதயத்துக்குள் போட்டிருந்தார். அதில் என் கண் மூடியிருந்தது. மற்ற படங்களில் அவள் தொலைந்த பொருளைத் தேடுகிறவள்போலத் தரையைப் பார்த்திருந்தாள். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் இருவரும் நிமிர்ந்திருந்தோம். பந்தியில் யாரோ ஏதோ சொல்ல, சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு பேரும் ஒரே திசையில் திரும்பியிருக்கிறோம். மாலை என் தாடை வரைக்கும் ஏறியிருக்கிறது. என்ன சொன்னார்கள் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அவளுக்கு ஞாபகம் இருக்கும். பக்கத்தில் இருந்தால் கேட்கலாம். ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அன்று மேகம் இறங்கி மலை தெரியவில்லை, பார்க்க வேறு எதுவும் இல்லை.

அந்தப் பக்கத்தை மறுநாள் காலை போனில் படம் பிடித்தேன். கடைக்கு அனுப்ப வேண்டியது அது. அதே காலையில் வடக்கே என் வாடிக்கையாளரான சேட்டுக்கு ஏலக்காய்ப் படமும் போக வேண்டும்.

இங்கே ஓர் ஒப்புதல் வாக்குமூலம். அவள் போன பிறகு காயை எவர்சில்வர் தட்டில் வைத்துத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். படத்தில் காய் நோயாளிபோலத் தெரிந்தது. ஆகவே, போன வருடம் அவள் கையில் வைத்து எடுத்த ஒரு படத்தையே "இதே தரம்" என்று எழுதி அனுப்ப ஆரம்பித்தேன். காய் அதே தரம்தான். கைதான் இல்லை. அந்தப் படத்தில் அவள் கட்டைவிரலுக்கு அடியில், கல்யாணமான புதிதில் பணியாரக் கல் சுட்ட தழும்பு தெரியும். தினமும் காலையில் அதை எடுத்துப் பார்ப்பது வியாபாரக் கடமை என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். சேட்டுக்கு அனுப்பாத நாட்களிலும் அந்தக் கடமை தவறியதில்லை.

இரண்டு படத்தையும் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜீப் டிரைவரின் போன்.

"அண்ணே, லோடு எறங்கிருச்சு. மழை வர்ற மாதிரி இருக்கு. வெரசா வாங்க."

வெரசாகப் போனேன். மூட்டைகளுக்கு நடுவில் நின்றபோது கடைப் பெண் கூப்பிட்டாள். "அப்பா, படம் வந்துருச்சு. கலர்லயா, கறுப்பு வெள்ளையிலயா?" கலர் என்றேன். புனே முகவரியைச் சொன்னேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

சேட்டும் பதில் போட்டார். எங்களுக்குள் ஓடுவது இந்தியும் இங்கிலீஷும் கலந்த ஒரு மொழி, தமிழில் தருகிறேன். வழக்கம்போல விலை கேட்டார். வழக்கம்போலச் சொன்னேன்.

"ஜாஸ்தி. சரக்கு பழசாகத் தெரிகிறதே."

"பழசெல்லாம் இல்லை. போன வாரம்தான் வந்தது."

"கலர் போயிருக்கிறது."

"கலர் அப்படியே இருக்கிறது. நேரில் பார்த்தால் தெரியும்."

"இரண்டு சேர்ந்திருக்கிறதே. பிரித்துக் கொடுத்தால் என்ன விலை?"

"பிரித்துக் கொடுப்பதில்லை. எடுத்தால் மொத்தமாக எடுங்கள்," என்று கறாராக எழுதினேன். சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பினார். சேட்டுக்கு இன்று மனசு நன்றாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

எட்டு நாள் கழித்து, முற்பகல் பதினோரு மணிக்கு மனைவியின் போன். அவள் சாயங்காலம்தான் கூப்பிடுவாள். யாருக்கு என்னவோ என்று பதறி எடுத்தேன்.

"என்னங்க இது?"

"என்ன?"

"கொரியர் வந்துச்சு. பிரிச்சா டாலரு. உங்க மகளுக்கு இன்னிக்கு லீவு, அவதான் டார்ச் அடிச்சுக் காட்டுனா. சுவரு பூரா ஏலக்காய்."

நாற்காலியில் உட்கார்ந்தேன். சேட்டின் சிரிக்கும் பொம்மை இப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு காலை முழுக்க விலை பேசியிருக்கிறேன்.

பின்னால் பேரன் அழுதான். "இவன் வேற சுவத்துல இருக்குற காயை ஒண்ணொண்ணா பொறுக்குறான். கையில வரலைன்னு ஒரே அழுகை."

"மாறிப்போச்சு," என்றேன். "நான் அனுப்புனது வேற படம். நம்ம கல்யாணத்துல எடுத்தது. நான் மறுபடி செய்யச் சொல்லி…"

"இது என் கை," என்றாள்.

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"தழும்பு தெரியுது. தனியா கையை மட்டும் பாத்தா யாரோ மாதிரி இருக்கு." பேரனின் அழுகை வேறு அறைக்குப் போவது கேட்டது. "இது போன வருசக் காயில்ல? மழைக்கு முந்தி வந்தது?"

"ஆமா."

"இன்னும் இதையா அனுப்பிக்கிட்டு இருக்கீங்க?"

"கலர் நல்லா இருக்குல்ல," என்றேன். எங்கள் தொழிலில் பொய் சொல்ல வேண்டியிருந்தால் காயைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவோம்.

"இப்ப யாரு கையில பிடிக்கிறா?"

"யாரும் இல்ல. தட்டுல வைக்கிறேன்."

"எந்தத் தட்டு?"

"எவர்சில்வர் தட்டு."

"எவர்சில்வரா." யாரோ உடம்பு சரியில்லை என்று சொன்னதைக் கேட்டதுபோல இருந்தது அவள் குரல். "வெளிச்சம் திருப்பி அடிச்சு காய் வெளுத்துல்ல தெரியும். அதான் பழைய படத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்களாக்கும்."

"அதுக்கும்தான்," என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"வெள்ளைத் துண்டை நாலா மடிச்சு அதுமேல காயைக் கொட்டி எடுங்க," என்றாள். "வாசல்ல நிழலா பாத்து நின்னுக்கங்க. சரி, இவன் அழுகுறான், வைக்கிறேன்."

பீரோவைத் திறந்தேன். புடவைகள் அவள் மடித்துவிட்டுப் போன மேனிக்கு இருந்தன. போர்வை இருந்தது, தலையணை உறை இருந்தது, என் பழைய ஸ்வெட்டர் இருந்தது. வெள்ளைத் துண்டு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. பதினாலு மாதமாகக் கொடியில் கிடக்கும் இரண்டு துண்டையே மாற்றி மாற்றித் துவட்டிக்கொண்டிருக்கிறேன், இரண்டும் பச்சை. துண்டு எங்கே என்று கேட்கத்தான் திரும்ப அவளை அழைத்தேன். எடுத்துவிட்டாள்.

"வந்துரு," என்றேன்.

மிக்ஸி ஓடி நின்றது அங்கே. யாரோ கதவைச் சாத்தினார்கள்.

"துண்டு கீழ்த்தட்டுல, போர்வைக்குப் பின்னாடி இருக்கு," என்றாள். "கலைக்காம எடுங்க. டிக்கெட் இருக்கான்னு நான் உங்க மகளைப் பாக்கச் சொல்றேன்."