அறுந்துவிடக் கூடாத சங்கிலி

போன வருட ஐப்பசி மழையில், முக்கூடலில் நடந்தது இது. கணினிப் பொறியியல் முடித்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நான், மாலையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஆர்வம் வரட்டும் என்று செல்போனில் ஒரு விளையாட்டு செய்து கொடுத்திருந்தேன். தினம் பத்துக் கணக்கு. சரியாகப் போட்டால் நட்சத்திரம். விடாமல் போட்டால் சங்கிலி நீளும். ஒரு நாள் விட்டாலும் அறுந்து பூஜ்யமாகிவிடும். போடாதவர்களுக்கு மாலை ஐந்துக்கு, "உன் சங்கிலி அறுந்துவிடும்!" என்று மணி அடிக்கும். கணக்குப் போடத்தான் சிக்னல் வேண்டும்; மணி சிக்னல் இல்லாவிட்டாலும் அடிக்கும். அதில் எனக்குப் பெருமை வேறு.

அன்று கனமழை, வகுப்பு இல்லை. மின்சாரம் போய் ஊர் டவரும் நின்றிருந்தது. ஐந்தரைக்கு ஒரு மாணவியின் அம்மா நனைந்தபடி ஓடி வந்தார். பீடி சுற்றிய விரல்களில் புகையிலைத் தூள்.

"டீச்சர், எம்மவ இங்கன வந்தாளா? போன் டிங்குன்னு அடிச்சுது. பாத்துட்டு எந்திச்சுப் போனவதான்."

பதறக் கூடாது என்று வரிசையாகக் கேட்டேன். தோழி வீடு? கடை? பஸ் ஸ்டாப்? எல்லாம் பார்த்தாயிற்றாம்.

இன்வெர்ட்டரில் என் வீட்டுக் கேபிள் இணையம் மட்டும் ஓடியது. மடிக்கணினியைத் திறந்தேன். அவள் பெயருக்கு எதிரே பச்சைப் புள்ளி; விளையாட்டில் இணைந்திருக்கிறாள். ஏழு கணக்கு முடித்திருந்தாள். டவர் இல்லாமல் எப்படி? அக்கரை டவர் எட்டுவது ஆற்றுப் படித்துறையில் மட்டும்தான். அணை திறந்திருக்கிறது, ஆற்றுப் பக்கம் போகாதீர்கள் என்று மதியமே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லியிருந்தார்கள்.

"இன்று எல்லோருக்கும் விடுமுறை. சங்கிலி அறாது. உடனே வீட்டுக்குப் போ" என்று அனுப்பினேன். அனுப்பிய நொடியில் பச்சைப் புள்ளி அணைந்தது.

ஓடினோம். மூழ்காமல் மிஞ்சியிருந்த கடைசிப் படியில், போனைப் பாலிதீன் பைக்குள் வைத்து, சிக்னலுக்காகத் தலைக்கு மேல் தூக்கியபடி நின்றிருந்தாள். செந்நிறத் தண்ணீர் காலடியில் சுழித்தது. அம்மா சடையைப் பிடித்தே மேலே இழுத்தார்.

"மிஸ், இன்னும் மூணுதான். விட்டா நாப்பத்தோரு நாளும் போயிரும்லா?" என்று அழுதாள். என் செய்தி அவளுக்குப் போய்ச் சேரவே இல்லை.

அம்மா அவளை அடிக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "பத்துக் கணக்குக்கா டீச்சர் எம்புள்ளைய ஆத்துக்கு அனுப்புனிய?"

அன்றே சங்கிலியையும் மணியையும் எடுத்துவிட்டேன். நட்சத்திரங்கள் இருக்கின்றன. ஆனாலும் மழையில் ஊர் டவர் நின்றுபோனால், ஐந்து மணிக்கு இன்னும் மடிக்கணினியைத் திறந்து பார்க்கிறேன். யார் பெயருக்கு எதிரேயும் பச்சைப் புள்ளி இல்லை என்றால், பிள்ளைகள் வீட்டில் பத்திரமாக இருக்கிறார்கள் என்று நிம்மதியாக மூச்சு விடுகிறேன்.