வைஸில் பிறந்த பிழை

காசை விரல் நுனியில் நிறுத்தி, நகத்தால் சுண்டி, காதருகே கொண்டுபோவார் மாதூபே. பிறகு நகைக்கடைத் தராசு. பூதக்கண்ணாடி கடைசியில்தான். "கண்ணுக்கு ஆச ஜாஸ்தி. அத கடைசில கூப்பிடணும்" என்பார்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வேன் நிலையத்துக்கு எதிரே, சனிக்கிழமைச் சந்தையில், என் பழைய துணிக் கடைக்கு அடுத்த மேசை அந்த அம்மாவுடையது. நாணயச்சாலையில் கைதவறிப் பிறந்த காசுகளை, சேகரிப்பவர்களுக்காக வாங்கி விற்கிறார்: ஓரம் கடிபட்டது, உருவம் ஒருபக்கம் ஒதுங்கியது, நடுவட்டம் இல்லாத ஐந்து ராண்ட் நாணயம். கொண்டுவருபவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடுவார். "இது பிழை இல்ல தம்பி. உங்க வீட்டு வாஷிங் மெஷின் பண்ண வேலை." கோபம் வந்தால் தலைத்துணியை அவிழ்த்து, மறுபடி இறுக்கிக் கட்டுவார்.

போன வாரம் பாபா செலே வந்தார்; ஓய்வுபெற்ற வேன் ஓட்டுநர். ஒரு கிடாரியைக் கொடுத்து வாங்கிய ஐந்து ராண்டைக் கைக்குட்டையிலிருந்து பிரித்தார். ஒரு பக்கத்தில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி, பள்ளமாக விழுந்திருந்தது.

மாதூபே அதைச் சுண்டவேயில்லை. திருப்பிக் காட்டினார்.

"பின்பக்கம் நசுங்கியிருக்கு பாருங்க, பாபா. நெஜமான பிழையா இருந்தா இந்தப் பக்கம் பளிச்சுனு இருக்கும். ரெண்டு காசச் சேத்து வைஸ் இடுக்கியில வச்சு முறுக்கியிருக்கான். யாரு குடுத்தது?"

"பெகி."

பெகியின் மேசை அதே வரிசையின் கோடியில். மாதூபே தலைத்துணியை இறுக்கிக்கொண்டு போனார்.

"மாட்டத் திருப்பிக் குடுடா."

"வித்தாச்சு மா. நான் பிழைன்னா சொன்னேன்? அபூர்வம்னுதானே சொன்னேன். இதுமாதிரி இன்னொண்ணு காட்டுங்க பாப்போம்!"

"உன் பட்டறையில பத்து கெடக்கும்! அவரு மக கல்யாணத்துக்கு வளத்த மாடுடா அது, திருட்டுப் பயலே!"

பெகி சிரித்தான். சந்தைக் காவலாளி வந்தார். "ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு மாத்திக்கிட்டது. நான் என்ன பண்ண?" என்று நகர்ந்துவிட்டார்.

மாதூபே திரும்பி வந்ததும் பாபா செலே குரலைத் தாழ்த்தினார்.

"மா, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. டர்பனுக்குக் கொண்டுபோனா எவனாவது ஏமாந்தவன் வாங்கிப்பான்."

பெகிக்காக இறுக்கிய தலைத்துணியை மாதூபே மறுபடி அவிழ்த்துக் கட்டினார்.

"அப்ப அவனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? அடுத்தவன் வீட்டு மாடு மாடு இல்லையா?"

"என் மாடு போச்சே, மா..."

"போச்சு. இந்த ஏமாத்து உங்களோட நிக்கட்டும்."

மேசைக்கு அடியிலிருந்து சுத்தியலையும் ஆணியையும் எடுத்தார். காசின்மேல் ஆணியை வைத்து மூன்று அடி. காசின் முகம் சிதைந்தது. பாபா செலே கையை நீட்டித் தடுக்கப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டார். சிதைந்ததைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார் மாதூபே. பாபா செலே நீட்டிய கையில், டப்பாவிலிருந்து சாதாரண ஐந்து ராண்ட் ஒன்றை எடுத்து வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.