பிந்தி வரட்டும் ரிசல்ட்

மில்லுக்குள் காலெடுத்து வைக்கிறவர் வாயைத் திறக்க முன்னமே செல்வநாயகம் பதில் சொல்லிவிடுவான். “ரிசல்ட் வரேல்லை! வந்தாலும் உங்கட நெல்லு அரிசியாத்தான் வரும். மூட்டையை இறக்குங்கோ!”

மிசின் ஓடினாலும் நின்றாலும் அவனுக்கு ஒரே குரல்தான். உமித்தூசிக்குள்ளும் பெல்ற்றின் இரைச்சலுக்குள்ளும் வருடக்கணக்காய்க் கத்திப் பழகிய தொண்டை. கோயிலிலும் அதே குரல், செத்தவீட்டிலும் அதே குரல். அவனிடம் ஒரு இரகசியம் சொன்னால் கிளிநொச்சிச் சந்தி முழுவதற்கும் சொன்ன மாதிரி.

என் மில்லில் கணக்கெழுதும் கிளாக்கர் அவன். இந்தக் கண்டி வீதியில் என் மில்லைத் தெரியாதவர் இருக்க முடியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, தென்மராட்சியிலிருந்து உடுத்த சாரத்தோடு வந்து, பிறத்தியார் மூட்டையைச் சுமந்து, என் முதுகாலே கட்டிய மில் அது. பெரிய பெரிய உத்தியோகத்தர் எல்லாம் என் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்திருக்கிறார்கள். ஆட்களை எடைபோட எனக்குத் தராசு தேவையில்லை. அப்படிப்பட்ட நான் ஒருவனைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதப் பேனை எடுத்தேன் என்றால் அவனிடம் விஷயம் இருக்கிறது.

ஆள் ஒல்லி. முப்பது வயது ஆகவில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் குடியேறிய குடும்பம். பென்சிலைப் பொக்கற்றில் வைக்க மாட்டான், காதில்தான். சில நாள் இரண்டு காதிலும் ஒவ்வொன்று இருக்கும். இன்னொன்றைத் தேடிக்கொண்டு திரிவான். தேத்தண்ணிக்குச் சீனி போட விடமாட்டான். பனங்கட்டியைக் ‘கடக்’ என்று கடித்துக்கொண்டுதான் குடிப்பான். கணக்காளர் பரீட்சைக்கு அவன் படித்ததெல்லாம் தபாலில் வந்த பாடங்கள், அதுவும் நெல்மூட்டைகளின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு. கடைசிப் பகுதி எழுதியது இது மூன்றாம் முறை.

மற்றவர்கள் சோதினை எழுதினால் ஊருக்குத் தெரியாமல் எழுதுவார்கள். கண்ணூறு பட்டுவிடும் என்று, கொழும்புக்குப் போவதைக் கலியாணவீட்டுக்குப் போவதாகச் சொல்லுவார்கள். இவன் புறப்படுகிற யாழ்தேவி ரயிலின் யன்னலுக்குள்ளால் தலையை நீட்டி, “சோதினைக்குப் போறன்! போனமுறை கோட்டை விட்டனான், இந்தமுறை பாப்பம்!” என்று மேடை முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டுப் போனான். போனமுறை பெயிலானபோது மில்லில் எல்லாருக்கும் வடையும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தவன். “பாஸ் பண்ணினால்தான் வாங்கிக் குடுக்கோணுமோ? பெயில் பண்ணவும் அதே பாடுதான் பட்டனான்.”

இந்தமுறை ரிசல்ட் நெருங்க நெருங்க வீட்டில் கதை மாறியது. பூநகரியில் தையல் ரீச்சராக இருக்கும் விமலேஸ்வரியை அவனுக்கென்று இரண்டு வீட்டாரும் பேசி வைத்துச் சில வருடம் ஆகிறது. தகப்பன் இல்லாத பிள்ளை. சீதனம் என்று ஒரு துண்டு வயல், அதுவும் உவர்க்காணி. கிளாக்கர் மாப்பிள்ளைக்கு அது போதுமாக இருந்தது. கணக்காளர் மாப்பிள்ளை என்றால் நியாயம் வேறு. தரகர் அப்புத்துரை குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மில்லுக்கே வந்துவிட்டார்.

“தம்பி, அவசரப்படாதையும். ரிசல்ட் மட்டும் வரட்டும். பாஸ் எண்டால் கொழும்பிலை வீடும் காரும் எழுதித்தர ஆள் நிக்குது.”

“பெயில் எண்டால்?”

அப்புத்துரை குடையை மற்றக் கக்கத்துக்கு மாற்றினார். “பெயில் எண்டால்... பூநகரிப் பிள்ளை இருக்குத்தானே.”

“அப்ப அவா என்ன, அந்தக் காருக்கு ஸ்பெயர் ரயரோ?”

மிசின் அந்த நேரம் நின்றிருந்தது. நெல்லுக் கொண்டுவந்த சனம் முழுவதும் சிரித்தது. தரகர் தேத்தண்ணிக்கும் நிற்கவில்லை.

அடுத்த நாள் தாய் இரஞ்சிதம் என்னிடம் வந்தார். “முதலாளி, நீங்கள் சொன்னால்தான் கேப்பான். இளையவள் ஒருத்தி இருக்கிறாள். இவனுக்கு வாறதிலைதானே அவளைக் கரைசேர்க்கோணும்.” அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மகனுக்கு வாங்கி மகளுக்குக் கொடுப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். எனக்குச் சீதனமாய் வந்தது ஒரு பசு, அதுவும் பால் வற்றினது. அதை வைத்துக்கொண்டா இந்த மில்லைக் கட்டினேன்? என்றாலும் ஒரு தாய் கேட்டதற்காக அவனைக் கூப்பிட்டு, கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். இந்த வீதியில் என் சொல்லைத் தட்டுகிறவர் குறைவு. அவன் தட்டினான்.

“தங்கச்சிக்கு நான் உழைச்சுக் குடுப்பன், ஐயா. என்னை வித்துக் குடுக்கமாட்டன். ரிசல்ட் வர முன்னம் எழுத்து.”

எழுத்து என்றால் பதிவுக் கலியாணம். எழுதிவிட்டால் பிறகு யாரும் விலை பேச முடியாது.

“அவ்வளவு என்னடா அவசரம்?” என்றேன்.

“பாஸ் பண்ணினாப் பிறகு அவாவைக் கட்டினால், பெரிய மனசுக்காரன், இரங்கிக் கட்டினவன் எண்டு ஊர் சொல்லும். பெயிலானாப் பிறகு கட்டினால், வேறை கிடைக்காமல் கட்டினவன் எண்டு சொல்லும். ரெண்டும் அவாவுக்கு மரியாதையில்லை.”

நான் சொன்ன சொல்லை நானே திருப்பி எடுத்தேன். அது அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

அந்தக் கிழமை விமலேஸ்வரியே பூநகரி பஸ்ஸில் வந்து இறங்கினாள். தரகரின் கதை அங்கேயும் போயிருந்தது. மில் வாசலில் நின்றபடி கேட்டாள்: “ஆறுதலாய் யோசிச்சுச் சொல்லுறதெண்டால் வேண்டாம். ஓம் எண்டால் ஓம், இல்லையெண்டால் இல்லை. எனக்குக் கடைசி பஸ் போயிடும்.”

“ஓம்!” அவன் கத்திய கத்தலில் கூரைப் புறாக்கள் எழும்பிப் பறந்தன.

“அதுக்கேன் கத்துறியள்? நான் செவிடில்லை” என்றுவிட்டு அவள் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

பதிவாளர் அறிவித்தல் ஒட்டினார். சட்டப்படி சில நாள் பொறுக்க வேண்டும்; எழுத்துக்குப் புதன்கிழமை குறித்தாயிற்று. இலங்கையில் சோதினை எழுதிய எல்லாரும் ரிசல்ட் கெதியாய் வரவேண்டும் என்று நேர்த்தி வைப்பார்கள். பிந்தி வரவேண்டும் என்று நேர்த்தி வைத்தவன் இவன் ஒருவன்தான். அம்மன் கோயிலில் தாய் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்று, “அம்மாளாச்சி, புதன்கிழமை தாண்டும் மட்டும் ரிசல்ட் பிந்தட்டும்!” என்றான். ஐயர் மணியடிப்பதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். தபால்காரர் மஹ்றூபின் சைக்கிளைக் கண்டால், “மஹ்றூப் நானா, இஞ்சாலை பாக்காமல் போங்கோ!” என்பான். “எனக்குச் சம்பளம் தாறது நீரோ, அரசாங்கமோ?” என்பார் மஹ்றூப்.

பயம் இல்லாதவன் என்று நினைக்க வேண்டாம். செவ்வாய்க்கிழமை பனங்கட்டியைக் கடிக்க மறந்து வெறும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தான். “பெயில் எண்டு வந்தால் பயமில்லை, ஐயா” என்றான். “பாஸ் எண்டு இண்டைக்கு வந்திட்டால் அம்மா அழுவா. அழுதால் நான் என்ன செய்வனோ தெரியாது.” அதை மட்டும் மெதுவாகச் சொன்னான்.

புதன்கிழமையும் ரிசல்ட் வரவில்லை. இதை எழுதுகிற இன்றுவரை வரவில்லை. பதிவாளர் வீட்டுக்குச் சாட்சியாக நான் பட்டுச் சால்வையோடு போனேன். என் கையெழுத்து விழுந்த காரியம் எதுவும் பிழைத்ததில்லை. விமலேஸ்வரி தாயோடு வந்திருந்தாள். இரஞ்சிதமும் வந்திருந்தார், முகத்தை மட்டும் யன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு.

பதிவாளர் நல்ல மனிதர். மாப்பிள்ளையின் பெயரையும் வயதையும் எழுதி, தொழில் என்ற இடத்துக்கு வந்ததும் பேனையை நிறுத்தினார்.

“தம்பி, ரிசல்ட் இண்டைக்கோ நாளைக்கோ எண்டு நிக்குது. இதிலை எழுதினது எழுதினதுதான், பேந்து மாத்தேலாது. ‘கணக்குப் பகுதி’ எண்டு பொதுவாய்ப் போட்டுவிடட்டோ?”

இரஞ்சிதம் யன்னலை விட்டுத் திரும்பினார்.

“நெல்லுமில் கிளாக்கர் எண்டு எழுதுங்கோ” என்றான் செல்வநாயகம்.

பதிவாளர் எழுதினார். அவன் கையெழுத்து வைத்தான். பெண்ணின் முறை வந்தது. பதிவாளர் புத்தகத்தை அவளிடம் நீட்ட, செல்வநாயகம் இடையில் கைபோட்டு வாங்கினான். அதை அவள் பக்கமாகத் திருப்பி மேசையில் வைத்து, ஈரம் காயாத அந்தக் ‘கிளாக்கர்’ என்ற சொல்லின் கீழே தன் விரலை வைத்தான். விமலேஸ்வரி குனிந்து வாசித்தாள். அவன் விரலை எடுக்க முன்னமே பேனையை மைக்குள் தோய்த்தாள்.