மணலில் நடக்க விட்டுப் பார்த்த குதிரை

1. கடற்கரையில் ஒரு நாற்காலி

பந்தயக் குதிரைக்கு பிட்னஸ் சர்டிபிகேட் கேட்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போதும் ஆகாது. அவர்களைவிட, அன்றைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த என்னைக் கண்டால் ஆகாது. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வரும் கால்நடை டாக்டர்கள் படிக்கட்டும்.

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடிப் பக்கம் வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்ரீவைகுண்டத்து வயல்காட்டில் வளர்ந்தவன். மாடு தெரியும். குதிரையைக் கல்லூரியில் தொட்டுப் பார்த்ததோடு சரி. இங்கே உப்பளத்திலிருந்து துறைமுகத்துக்கு மூட்டை இழுக்கிற குதிரைகளையே திருவிழா வந்தால் பந்தய வண்டியில் பூட்டுவார்கள். திருச்செந்தூர் ரோட்டில் போக எட்டு மைல், எல்கைக் கல்லைச் சுற்றித் திரும்பி வர எட்டு மைல். தார் ரோடு, நிழல் கிடையாது.

ஓடுகிற குதிரையை டாக்டர் பார்த்து எழுதித் தர வேண்டும் என்பது கமிட்டி விதி. நான் வந்த இரண்டாம் மாதமே திருவிழா. காலையில் கடற்கரையில் நாற்காலி போட்டு, கையில் காப்பியும் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். விடிந்ததிலிருந்து குதிரைகள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன.

"கடத்தண்ணி காலுக்கு நல்லது டாக்டரே" என்றார் உப்பு முதலாளி. அவருடைய செவலைதான் போன வருஷம் ஜெயித்த குதிரை. நானும் நல்லது என்றேன்.

செவலையை மணலில் நடத்திக் காட்டினார்கள். நொண்டவில்லை. முன்னங்காலைத் தடவினேன். சூடில்லை, வீக்கமில்லை. பேனாவைத் திறந்தேன்.

அதை ஓட்டுகிற சூசை பக்கத்தில் வந்து நின்றான். வாரம் முழுக்க அதே குதிரையில் உப்பு ஏற்றுகிறவன். "சார், ஒரு நடை மேல ரோட்டுல நடத்திப் பாத்திருங்க. மணல்ல ஒண்ணும் தெரியாது. மூணு நாளா எடது கால ஒரு மாதிரியா வைக்கிது."

"ஏலே, டாக்டருக்கே பாடம் எடுக்கியா? ஓட்டுத வேலையப் பாருல" என்றார் முதலாளி.

நான் சிரித்தேன். முதலாளியோடு சேர்ந்து சிரித்தேன். அதைத்தான் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு மிச்சக் காப்பியைக் குடித்தேன்.

2. எல்கைக் கல்

ஜீப்பில் பின்னாலேயே போனேன். ஆறாவது மைலில் செவலை தலையை ஏற்றி ஏற்றி இறக்கியது. கால் வலிக்கிற குதிரை அப்படித்தான் செய்யும். எனக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். சூசை லகானைப் பிடித்து இழுக்கத்தான் செய்தான். அவனோடு வண்டியில் இருந்த முதலாளியின் மச்சான் லகானைப் பிடுங்கிச் சாட்டையை எடுத்தான். கல்லைச் சுற்றும்போது மொத்தப் பாரமும் இடது காலில் விழுந்தது. கட்டை முறிகிற மாதிரி எலும்பு முறிந்த சத்தம் ஜீப் வரைக்கும் கேட்டது.

கணுவுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. மூன்று நாளாகவே அந்த எலும்பில் விரிசல் இருந்திருக்க வேண்டும். கடல் தண்ணீர் சூட்டையும் வீக்கத்தையும் அமுக்கிவிட்டது. மெத்தென்ற மணல் நொண்டலை மறைத்துவிட்டது. படித்த பாடம்தான். படித்தவன்தான் கோட்டை விட்டேன்.

முதலாளி காரில் வந்து இறங்கினார். குதிரையைப் பார்க்கவில்லை. "ஏலே, வண்டி தப்பிச்சுதா?" என்றுதான் கேட்டார்.

"இந்தக் காலோட எப்படி ஓட விட்டீங்க?" என்று நான் கத்தினேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து சர்டிபிகேட்டை எடுத்து என் முன்னால் விரித்தார். "நீங்கதான எழுதிக் குடுத்தீய?"

கீழே என் கையெழுத்து.

கட்டுப்போட்டுக் காப்பாற்ற வழியில்லை. சூசை தார் ரோட்டில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டான். நான் ஊசி போட்டேன். மூச்சு நிற்கிற வரைக்கும் அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு, "ரோட்டுல பாத்திருக்கலாம் சார்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

3. அடுத்த வருஷம்

நாற்காலியைத் தார் ரோட்டில் போடச் சொன்னேன். கடலில் நின்ற குதிரையைக் கால் காய்ந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் பார்ப்பேன் என்றேன். முதலாளியிடம் வேலையை விட்டுவிட்டு வேறொரு உப்பளத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த சூசையைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தான். ஒவ்வொரு குதிரையாக அவன்தான் நடத்திக் காட்டினான். ஒன்பதில் நாலு நொண்டின. முதலாளியின் புதுக்குதிரையும் அதில் ஒன்று.

"சுளுக்குதான் டாக்டரே. ஓடுனா சரியாப் போயிரும்."

"ஓடாது."

"எங் குதிர ஓடாட்டா பந்தயமே நின்னு போயிரும். ஊரு ஒங்கள சும்மா விடாது பாத்துக்கிடுங்க."

"நிக்கட்டும்" என்று பேனாவை மூடிப் பையில் வைத்தேன். இரண்டு மாதத்தில் என்னை வேறு ஊருக்கு மாற்றினார்கள். யார் சொல்லி மாற்றினார்கள் என்று எனக்குத் தெரியும். போங்கடா என்று போனேன்.

வேலைக்கு வருகிற பிள்ளைகளே, கால் காயட்டும். கெட்டித் தரையில் நடக்கட்டும். அதற்கு முன்னால், ஓட்டுகிறவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், முதலாளி பக்கத்தில் இல்லாமல். சூசை சொன்னபடி ரோட்டுக்கு ஏறிப் பார்த்துவிட்டு வர எனக்கு ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். காப்பி ஆறிவிடும் என்று நான் எழுந்திருக்கவில்லை.