கடல் கடக்காத தீப்பெட்டிப் படங்கள்

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வரிசை வீடுகளில், நான் அக்கா என்று கூப்பிட்ட பக்கத்து வீட்டுக்காரரின் ஜன்னலில்தான் காலை வெயில் நேராக விழும். அங்கே ஒரு வெள்ளைத் தாளை விரித்து, தீப்பெட்டி மேல் ஒட்டும் படம் ஒன்றை இடுக்கியால் எடுத்து வைப்பார். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ஸ்கேல். படத்தில் கிழிசல் இருந்தால் முதல் போட்டோ அந்தக் கிழிசலுக்குத்தான். "குறைய நாமளே காட்டிட்டா அப்புறம் ஒருத்தரும் நம்மள கேக்க முடியாது" என்பார். பழைய பொருளை ஆன்லைனில் வெளிநாட்டுக்கு விற்பது பற்றி நான் முதலில் கற்றுக்கொண்டது இதைத்தான்.

நான் திருச்சியிலிருந்து ஓசூருக்கு டிரெய்னியாக வந்து சேர்ந்த கம்பெனியில் அக்கா லைன் லீடர். சூளகிரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். தமிழில் ஆரம்பித்து தெலுங்கில் திட்டி கன்னடத்தில் முடிப்பார். அவர் கணவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அண்ணனுக்குக் கோவில்பட்டிப் பக்கம். அவருடைய அம்மா வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியவர். தரையில் சிதறிய படங்களைப் பொறுக்கத் தொடங்கிய பழக்கம் அண்ணனுக்குக் கல்யாணத்துக்குப் பிறகும் போகவில்லை. சிங்கம், ரயில் இஞ்சின், சுவர்க்கடிகாரம், கிளி என்று ஆல்பம் நிறைய வைத்திருந்தார்.

தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தபோது மெஷினில் சிக்கி அண்ணனின் வலது கை விரல்கள் போயின. கை ஆறிய பிறகும் அவர் வெளியே வரவில்லை. கையின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவரைப் பேசவைப்பதற்காகத்தான் அக்கா அந்த ஆன்லைன் விற்பனைக் கணக்கைத் தொடங்கினார். ஒன்றுக்கு மேல் இருந்த படங்களை மட்டும் விற்பது என்று ஏற்பாடு. அண்ணன் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதுவேன். "நல்ல நிலைன்னு போடாத. மூலை மழுங்கியிருக்குன்னு போடு" என்று திருத்துவார். படத்தை எண்ணெய்த் தாளில் வைத்து, இரண்டு பக்கமும் அட்டை கொடுத்து, பதிவுத் தபாலில் அனுப்புவோம். ஜப்பானுக்குப் போனது, போர்ச்சுகலுக்குப் போனது. அண்ணன் துண்டை எடுத்துவிட்டு இடது கையால் சோறு பிசைந்து சாப்பிட்டதை அந்த நாட்களில்தான் பார்த்தேன்.

செக் நாட்டில் ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், தொடர்ந்து வாங்கினார். பக்கம் பக்கமாகப் போட்டோ கேட்டுப் பார்த்தவர், கடைசியில் மூல ஆல்பத்தையே கேட்டார். பிரிக்க மாட்டேன், என் காலத்துக்குப் பிறகு எங்கள் ஊர் சேகரிப்பாளர் சங்கத்துக்குப் போகும் என்று எழுதியிருந்தார். அண்ணன் பல நாள் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அக்காவுக்கும் அவருக்கும் பிள்ளைகள் இல்லை. "இங்க இருந்தா நமக்கப்புறம் பழைய பேப்பர்காரனுக்குத்தான போகும். அந்த மனுசன்கிட்ட இருக்கட்டும்" என்று ஒரு நாள் காலையில் சொன்னார்.

போனால் திரும்பக் கிடைக்காத சரக்கு என்பதால் தபாலை நம்பப் பயமாக இருந்தது. பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு கூரியர் கடைக்குப் போனோம். "உள்ள என்னக்கா?" என்று கேட்டார் கவுன்டரில் இருந்தவர். "தீப்பெட்டிப் படம்" என்றார் அக்கா. கவுன்டர்காரர் படிவத்தில் 'மேட்ச் பாக்ஸ் கலெக்‌ஷன்' என்று தட்டினார். எங்களுக்கு அதில் ஒரு தவறும் தெரியவில்லை.

பார்சல் பெங்களூரு விமான நிலையத்தைத் தாண்டவில்லை. தீப்பிடிக்கும் பொருள் என்று நிறுத்தியிருந்தார்கள். வெறும் காகிதம் என்று மெயில் மேல் மெயில் போட்டோம். ஒவ்வொரு முறையும் ஒரே பதில் வந்தது. அக்கா லீவு போட்டுவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். சரக்குப் பிரிவு அலுவலகத்தில் கன்னடத்தில் கெஞ்சினார், பிறகு சண்டை போட்டார். அங்கிருந்தவர் கெட்டவர் அல்ல. கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, ஓசூர்க்காரர்கள் என்று தெரிந்ததும் தமிழிலேயே சொன்னார்: "டிஸ்போஸ் பண்ணிட்டாங்க மேடம். இந்த மாதிரி சரக்க வெச்சிருக்க மாட்டாங்க."

திரும்பி வரும்போது பஸ் மாநில எல்லையில் அத்திப்பள்ளியைத் தாண்டியது. பிறகு, "பொய் சொல்லிடலாமா? போய்ச் சேந்துடுச்சின்னு?" என்று அக்கா கேட்டார். வீட்டுக்குள் நுழைந்ததும் அவரே உடைத்துச் சொல்லிவிட்டார். அண்ணன் கேட்டது ஒன்றுதான். "எரிச்சிட்டாங்களா?"

"தெரியலீங்க. அத நான் கேக்கல."

அதன் பிறகு துண்டு மறுபடியும் கைமேல் ஏறியது.

செய்தி தெரிந்த செக் நாட்டுப் பெரியவர், நாங்கள் அனுப்பியிருந்த போட்டோக்களைக் கெட்டித் தாளில் அச்சடித்து, ஆல்பம் போலவே கட்டி அனுப்பினார். எனக்குக் கண் கலங்கியது. அண்ணன் ஒரே ஒரு பக்கத்தைப் புரட்டி மூக்கருகே கொண்டுபோனார். "பசை வாசன இல்ல" என்று மூடிவிட்டார். பிறகு மிச்சமிருந்த படங்களை எல்லாம் கொண்டுவரச் சொல்லி, அவற்றையும் அந்தப் பெரியவருக்கே சும்மா அனுப்பச் சொன்னார். "இனி வீட்ல வேண்டாம்." அக்கா தடுத்துப் பார்த்தார். நடக்கவில்லை.

அண்ணன் இப்போது இல்லை. நெஞ்சுவலி என்றார்கள். நான் வேறு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருக்கிறேன். பழைய நாணயம், ரயில் பொம்மை என்று வெளிநாட்டுக்கு விற்கும் ஆசையோடு யாராவது கேட்டால், பொருளை நாம் கூப்பிடும் பெயரை எழுதாதீர்கள், அது எதனால் ஆனது என்பதை எழுதுங்கள், படிவத்தை அடுத்தவர் கையில் விடாதீர்கள் என்று சொல்கிறேன். நல்ல யோசனை என்று குறித்துக்கொள்கிறார்கள்.

அன்று, மிச்சப் படங்கள் இருந்த அந்தக் கடைசி உறையைத் தபால் அலுவலகத்துக்கு எடுத்துப்போகும் முன், சுங்கப் படிவத்தை அக்கா கட்டிலருகே உட்கார்ந்து நிரப்பினார். என்ன பொருள் என்ற இடத்துக்கு, "பழைய அச்சுக் காகிதம்" என்று அண்ணன் சொன்னார். அக்கா எழுதினார். அடுத்து மதிப்பு என்ற கட்டம்.

"என்ன போடட்டும்?"

"ஒண்ணுமில்லன்னு போடு."

அக்கா பேனாவைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.