முன்வரிசையில் இரண்டு நாற்காலிகள்

பிழைக்க வந்த அயல்நாட்டில், ஹோட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள் அவள். எல்லோருக்கும் இஸ்திரி அக்கா. கணவர் போன பிறகு ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாள். மகளுக்குக் கல்யாணமாகி வேறு ஊரில் வேலை; ரயிலில் அரை நாள் தூரம். ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்வாள். பேசிக்கொண்டே மகள் பாத்திரம் கழுவுவது சத்தத்திலேயே தெரியும்.

பெண்கள் காப்பகத்தின் கூரையை மாற்ற நிதி வேண்டி ஓர் ஆடை அணிவகுப்பு ஏற்பாடானது. பல தேசங்களிலிருந்து பிழைக்க வந்த பெண்கள் அவரவர் உடையில் மேடையில் நடக்க வேண்டும். பள்ளி வேன் ஓட்டுவதால் எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடுகிற தோழிதான் இவளையும் அதில் சேர்த்துவிட்டாள். நடக்கிற ஒவ்வொருத்திக்கும் முன்வரிசையில் இரண்டு நாற்காலி, வீட்டு ஆட்களுக்கு.

“உங்களுக்கு யாருக்கா வர்றாங்க?” என்று கேட்டாள் கேப்டன்.

“என் பொண்ணும் மாப்பிள்ளையும்.”

மகளைக் கேட்காமலேயே சொல்லிவிட்டாள். பிறகுதான் போன் செய்தாள்.

“நான் நடக்கப்போறேன்டி. மேடையில.”

“நீயா? ஐயோ அம்மா!” மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “லீவு கேட்டுப் பார்க்கறேன்மா.”

பெட்டியிலிருந்து பருத்திச் சேலையை எடுத்துத் துவைத்துக் கஞ்சி போட்டாள். கைக்குப் பழகியது விருந்து மேஜை விரிப்புக்கான கஞ்சி. சேலைக்கும் அதே பதத்தில் காய்ச்சிவிட்டாள்.

அணிவகுப்பு அன்று காலை செய்தி வந்தது. லீவு கிடைக்கவில்லை. மன்னிச்சுக்கோம்மா. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

மண்டபத்தின் பின்னறையில் சேலையைப் பிரித்ததும் அது அட்டைபோல நின்றது.

“அக்கா, நீங்க சும்மா உக்காருங்க. சேலையே நடந்து போய்ட்டு வந்துடும்” என்றாள் கேப்டன். தன் ஊர்ப் பாசிமணி மாலைகளைப் போட்டுக்கொண்டிருந்த, அவளுக்கு அடுத்து நடக்கவேண்டிய நர்ஸ் சிரித்துச் சிரித்து ஒரு சரத்தை அறுத்துவிட்டாள். பிறகு இருவரும் முட்டிபோட்டு உட்கார்ந்து, விறைத்த கொசுவத்தைக் கீழே இழுத்துவிட்டார்கள். வேறொரு கை தன் கொசுவத்தைச் சரிசெய்து எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று இஸ்திரி அக்கா யோசித்தாள்.

திரையின் இடுக்கில் பார்த்தாள். அவள் பெயர் ஒட்டிய இரண்டு நாற்காலிகளும் காலி. சுவரோரம் ஜனங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நர்ஸின் நாற்காலிகளில் அவள் மாமனாரும் மாமியாரும் உட்கார்ந்திருக்க, அவள் கணவர் கைக்குழந்தையோடு கால் மாற்றி மாற்றி நின்றார். பக்கத்தில் அவருடைய தம்பி.

“பொண்ணு கிளம்பிட்டாளாக்கா?” என்றாள் கேப்டன்.

“வந்துட்டிருக்கா.”

பாட்டு ஆரம்பித்தது. கேப்டன் மறுபடி வந்தாள். “இன்னும் காணோமே. ஆளுங்க நிக்கறாங்க. என்ன பண்ணட்டும்?”

“அவ வரல, கேப்டன். காலைலயே சொல்லிட்டா. அந்த ரெண்டு சேரையும் நர்ஸ் வீட்டுக்காரருக்கும் அவர் தம்பிக்கும் குடுத்துடு.”

கேப்டன் அவள் தோள் மடிப்பில் இல்லாத சுருக்கத்தை நீவிவிட்டுப் போனாள்.

முறை வந்ததும் நடந்தாள். சேலை மொடமொடவென்று பாட்டை மீறிச் சத்தம் போட்டது. முன்வரிசையில் நர்ஸின் கணவரும் அவர் தம்பியும் மரியாதையாகக் கைதட்டினார்கள். அவர்கள் கண் அவளைத் தாண்டிப் பின்னால், அடுத்து வரவேண்டிய நர்ஸைத் தேடியது.

முடிந்ததும் அவரவர் வீட்டு ஆட்கள் மேடைக்கு ஓடினார்கள். கட்டிப்பிடித்தார்கள்.

“அக்கா, எங்களை ஒரு போட்டோ எடுங்களேன்” என்று நர்ஸ் தன் போனைக் கொடுத்தாள்.

எடுத்தாள். அடுத்த குடும்பமும் போனை நீட்டியது. அதற்கடுத்ததும். யார் தலையும் வெட்டுப்படாமல் கவனமாக எடுத்துக்கொடுத்தாள்.

கூட்டம் கலைகிற நேரத்தில் மகள் அழைத்தாள்.

“எப்டிம்மா போச்சு?”

“நல்ல கூட்டம்டி. கைதட்டல் தாங்கல.”

“போட்டோ அனுப்பும்மா. முழுசா தெரியணும்.”

“அனுப்பறேன், இரு.”

வெளிச்சமான ஜன்னலோரமாகப் போய் நின்று, தன் போனைத் தூரமாக நீட்டினாள். கையை எவ்வளவு நீட்டினாலும் முகமும் ஒரு தோளும்தான் விழுந்தன. அதில் சுமாராக இருந்த ஒன்றை அனுப்பிவைத்தாள்.